ரோமாபுரி வெள்ளிக்காசும் என் ரத்தக்கொதிப்பும்

பழைய நாணயம் விற்கிறவனுக்கு ரத்தக்கொதிப்பு தானாக வர வேண்டியதில்லை. வாடிக்கையாளர்களே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். எண்பதுகளில் ராஜபாளையத்தில் அப்படியொரு கடை வைத்திருந்தேன். எந்தக் கடையிலாவது கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்கு என் வேதனை புரியும்.

மூக்கு போச்சு

மில் சூப்பர்வைசர் ஒருவர் ஆசையாக ஒரு ரோமானிய வெள்ளிக்காசு வாங்கினார். இலைமாலை சூடிய ராஜா தலை. மேலே காலம் காலமாகப் படிந்த அழகான கருப்பு. "துணியால்கூடத் துடைக்காதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

மறுவாரம் கொண்டுவந்து காட்டினார். காசு பளபளவென்று மின்னியது. ராஜாவுக்கு மூக்கும் இல்லை, காதும் இல்லை. புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். அவர் பெருமையாகச் சொன்னார்: "அழுக்குக் காசைக் குடுத்து ஏமாத்திட்டாவன்னு வீட்ல ஒரே பேச்சு. இப்பப் பாருங்க, புதுசு மாதிரி இல்ல?"

தாமரை எங்கே?

ஸ்ரீவில்லிபுத்தூர் பலசரக்குக் கடைக்காரர் ஒருவருக்குப் பூஜையறையில் வைக்கக் காசு வேண்டும். ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் நீளக் கோல், மறு கையில் மரக்கிளை. லட்சுமி என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். அது ரோமாபுரிக்காரர்களின் சமாதான தேவதை என்று பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதனால என்ன அண்ணாச்சி, அந்தக் கோலை அழிச்சுட்டு ஒரு தாமரை வெட்டித் தாங்க. நான் லட்சுமின்னே கும்பிட்டுக்கிடுதேன்."

கான்சாபுரத்துக் கொலுசு

இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. கான்சாபுரத்து விவசாயி ஒருவர் கிணறு வெட்டும்போது ஒரு கலயம் நிறையக் காசு கிடைத்ததாகச் சொல்லி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் கேடயத்தோடு இரண்டு இளவரசர்கள் நின்றார்கள். இரண்டாயிரம் வருஷத்து ரோமானிய வெள்ளி. "இதை நீங்க விக்கவும் கூடாது, நான் வாங்கவும் கூடாது. தாலுகா ஆபீஸ்ல ஒப்படைச்சா மியூசியத்துல வைப்பாங்க. நானே கூட வாரேன்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆள் திரும்பி வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு அவர் ஊருக்கு பஸ் ஏறினேன். அவர் மோர் கொடுத்து உபசரித்து, கல்யாணத்துக்கு நின்ற மகளைக் கூப்பிட்டார். அவள் காலில் கனத்த புதுக் கொலுசு. கலயத்தில் ஒரு காசு மிச்சமில்லை. "நம்ம ஊர்ச் சரித்திரத்தையே உருக்கிட்டீங்களே, நீங்க மனுஷர்தானா?" என்று அவர் வீட்டிலேயே கத்திவிட்டேன். மனிதர் நிஜமாகவே வருத்தப்பட்டார்: "காசை அப்படியே கோத்துப் போடணும்னுதான் மக கேட்டா, சார். ராசா மொகம் பொம்பளப்புள்ள கால்ல கெடக்கலாமா? அந்த மரியாதைக்குத்தான் உருக்கச் சொன்னேன்."

கடல் தாண்டி வந்து, மண்ணுக்கடியில் பத்திரமாகக் கிடந்த ராஜாக்களை எங்கள் பக்கத்து ஜனங்கள் ஒழித்துக்கட்டியது முழுக்க முழுக்க நல்லெண்ணத்தினால்தான்.