மூன்று சுழி

டென்மார்க்கின் ஓகூஸ் நகரம், 1986. ஹோர்சன்ஸிலிருந்து ரயிலேறி, ஆட்டிறைச்சி வாங்க வந்திருக்கிறேன். நான் இருக்கும் பக்கத்துக் கடைகளில் எங்கு திரும்பினாலும் பன்றிதான். இங்கே துருக்கிக்காரர் ஒருவரின் கடையில் ஆடு கிடைக்கும், செத்தல் மிளகாயும் கிடைக்கும் என்று அகதி முகாமில் சொன்னார்கள்.

கடைக்காரருக்கு என்னைவிட இருபது வயது கூட இருக்கும். ஆளும் பெரிது, மீசையும் பெரிது. மூத்தவரை மொட்டையாகக் கூப்பிட எனக்கு வாய் வராது. "அண்ணை, ஒரு கிலோ" என்கிறேன்.

இறைச்சி வெட்டிக்கொண்டிருந்த கத்தி அப்படியே நிற்கிறது. வரிசையில் நிற்கும் முக்காட்டுப் பெண்கள் இருவர் வாயைப் பொத்திச் சிரிக்கிறார்கள். என்ன பிழை விட்டேன் என்று தெரியாமல் எனக்குக் காது சுடுகிறது.

அவர் தன் மீசையைத் தொட்டுக் காட்டி, எனக்கு விளங்கும்படி டேனிஷில் மெதுவாகச் சொல்கிறார்: "எங்கட பாஷையில 'அன்னே' எண்டா அம்மா."

எங்கள் பாஷையிலும் அன்னை அம்மாதான். நான் சொன்னது மூன்று சுழி அண்ணை. அந்த ஒரு சுழியை, என்னிடமுள்ள நாற்பது டேனிஷ் சொற்களுக்குள் எப்படி விளக்குவது? "ஓம், ஓம்" என்று தமிழிலேயே தலையாட்டி வைக்கிறேன்.

இறைச்சியை நிறுத்துச் சுற்றியபின், கேட்காமலே இரண்டு எலும்பைக் கூடப் போடுகிறார். மல்லியிலைக் கட்டொன்றையும் செருகுகிறார். பையை நீட்டும்போது குரலை மெல்லியதாக்கி, "வடிவாச் சாப்பிடு. நல்லா மெலிஞ்சு போனாய்" என்கிறார்.

அவர் என்னைக் காண்பது இதுதான் முதல் தடவை.