லேப் வைரம் என்று வாய்விட்டுச் சொன்னேன்

"கேட்டா வைரம்னு மட்டும் சொல்லு. லேப்ங்கிற வார்த்தையே இந்தக் கடையில வரக்கூடாது லா."

ஆய்வகத்தில் வளர்த்த வைர மோதிரங்கள் மலாக்கா டவுனில் இருந்த எங்கள் நகைக்கடைக்கு முதன்முதலாக வந்த காலையில் முதலாளி சொன்னது இது. நான் அப்போது வைரப் பகுதியின் சீனியர் விற்பனையாளர்.

அன்று மத்தியானமே செங் வட்டாரத்து ஃபேக்டரி ஒன்றில் வேலை செய்யும் கவிதா வந்தாள். நிச்சயதார்த்தத்துக்குத் தன் சம்பளத்திலேயே மோதிரம் வாங்க வந்திருந்தாள். லேப் மோதிரம் ஒன்று பிடித்துப் போய், அதைக் கையில் போட்டுப் பார்த்தாள். முதலாளியே வந்து கல்லின் மேல் வைரம் சோதிக்கும் டெஸ்டரை வைத்தார். பீப் என்றது.

"பாத்தியாம்மா? ஒரிஜினல். பல கோடி வருஷம் மண்ணுக்குள்ள இருந்த கல்லு!"

எனக்குப் பொறுக்கவில்லை.

"தங்கச்சி, இது லேப்ல வளர்த்த வைரம். போலி இல்ல, வைரமேதான். அதனாலதான் டெஸ்டர் கத்துது. ஆனா மண்ணுலேருந்து எடுத்த கல்லு விலைய இதுக்குக் குடுக்காத. பின்னால வித்தாலும் பெரிசா ஒண்ணும் தேறாது."

லூப் என்கிற சின்ன பூதக்கண்ணாடியைக் கொடுத்து, கல்லின் விளிம்பில் லேப் என்று லேசரில் பொறித்திருந்த எழுத்தைக் காட்டினேன்.

முதலாளி என்னிடம் சீறினார். "நீ யாருக்கு வேலை செய்யற?"

"இந்தக் கடைக்குத்தான் பாஸ். அதான் சொல்றேன்."

எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். கவிதா லூப்பைக் கீழே வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு இதான் வேணும் அங்கிள். போடத்தான் வாங்கறேன், விக்க இல்ல. லேப் விலைக்குக் குடுங்க. பில்லுலயும் லேப்னு எழுதுங்க. இல்லன்னா வாசல்ல நின்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் என்னை வெள்ளிக் கொலுசுப் பகுதிக்கு மாற்றினார். மன்னிப்புக் கேட்டால் பழைய இடம் கிடைக்கும் என்றார். கேட்கவில்லை. ஓய்வு பெறும்வரை கொலுசுதான் விற்றேன். விஷயம் கேள்விப்பட்டு, வைரம் வாங்க வந்தவர்கள் என்னைத் தேடி அங்கேயே வந்தார்கள். "லேப் கல்லா, மண் கல்லான்னு சத்தமா கேளுங்க. சர்டிபிகேட்ட வாங்கிப் படிங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளே, லேப் வைரம் நல்ல பொருள். அதன் பெயரைச் சொல்லியே விற்கலாம். வாங்குபவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். உங்களை இடம் மாற்றுவார்கள். மாற்றட்டும்.