சின்னதுக்குக் காது முளைத்தது

இது நடந்தது. இதுவரை இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் பேச்சை மாற்றினார். நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக எதையும் கூட்டிச் சொல்லப்போவதில்லை. எனக்கே புரியாத இடங்களைப் புரியாதபடியே விட்டுவிடுகிறேன்.

எங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமாக ஒரு கிளவுட் உண்டு. பெயர்தான் பெரிது. மூன்றாம் மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் நிற்கும் சில இரும்பு அலமாரிகள்தான் அது. அவற்றிலுள்ள சர்வர்களுக்குள் கற்பனைக் கம்ப்யூட்டர்களை உண்டாக்கி எங்கள் கிளைகளுக்குக் கொடுப்போம். கையால் தொட முடியாத கம்ப்யூட்டர்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை பிராசஸர், எவ்வளவு மெமரி, எவ்வளவு டிஸ்க், வேறு என்னென்ன உறுப்புகள் என்று முன்கூட்டியே வகுத்து வைப்பதற்குப் பெயர் புரொஃபைல். எங்களிடம் மூன்று இருந்தன. சின்னது, நடுத்தரம், பெரியது.

"சட்டை சைஸ் மாதிரி மாப்ள. தொப்பைக்குத் தகுந்தத எடுத்து மாட்டிவிட வேண்டியதுதான்" என்பார் மாமா.

மாமா என் அக்காவின் கணவர். அந்த வேலையில் அவரைச் சேர்த்துவிட்டவன் நான். புரொஃபைல்களைத் திருத்த எங்கள் இருவரால் மட்டுமே முடியும். இருவருக்கும் ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்ட். அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது. எல்லோரும் அப்படித்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் காது வந்தது.

ஒரு நாள் காலை பார்த்தால், சின்னதில் ஒரு மைக் சேர்ந்திருந்தது. சர்வருக்கு மைக் எதற்கு? அந்த அறையில் மைக்கே கிடையாது.

"நீங்க போட்டீங்களா மாமா?"

"இதுக்கெதுக்குடா காது? நீதான் போட்டிருப்பே. தூக்கத்துல."

நீக்கினேன். திரும்ப வந்தது. மறுபடி நீக்கினேன். மறுபடி வந்தது. அதற்குப் பிறகு மாமா என் திரையை எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். நான் பக்கத்தில் போனால் தன் திரையை மாற்றினார். சேர்ந்து சாப்பிடுவது நின்றது.

ஆடிட்டுக்கு வந்தவர்கள் அந்த மைக்கைக் கண்டுபிடித்தார்கள். யாரோ ஒட்டுக்கேட்க வைத்தது என்றார்கள். மேனேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான். திங்கக்கிழமை காலைல யாருன்னு சொல்லு. இல்லேன்னா ரெண்டு பேரும் கெளம்புங்க."

அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். மாமாவின் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தனியாக ஆபீசுக்குப் போனேன். மாமாவிடம் சொல்லவில்லை. சர்வர் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வெளியே இருக்கும் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். உள்ளே விறைக்கிற குளிர். ஃபேன்களின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும்.

மணி 2.40. பாஸ்வேர்டை மாற்றினேன். இனி அது எனக்கு மட்டுமே தெரியும். சின்னதிலிருந்து மைக்கை நீக்கினேன். இப்போது அது திரும்ப வராவிட்டால், இத்தனை நாளும் செய்தவர் மாமா. வேறு விளக்கம் இல்லை.

திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வரக் கூடாது என்று வேண்டினேனா, வர வேண்டும் என்று வேண்டினேனா... தெரியவில்லை.

3.50. மைக் வந்தது.

கூடவே ஒரு ஸ்பீக்கரும்.

காது. இப்போது வாய்.

திருத்தியவர் என்ற இடத்தில் எங்கள் கணக்கு. பாஸ்வேர்ட் தெரிந்தவன் நான் ஒருவன். என் கை கீபோர்டிலேயே இல்லை.

அந்தப் புரொஃபைலை வைத்து உண்டாக்கிய கம்ப்யூட்டர் ஒன்று சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் போய், மைக்கில் விழும் சத்தத்தைக் காட்டும் அளவுப் பட்டையைத் திறந்தேன். பின்னால் கருவியே இல்லாத மைக். பச்சைப் பட்டை அசையாமல் கிடக்க வேண்டும்.

ஏறியது. இறங்கியது. ஏறியது... இறங்கியது...

என் மூச்சு.

மூச்சை நிறுத்தினேன்.

பட்டை நிற்கவில்லை.

"யாரு?" என்றேன். பட்டை உச்சிக்குப் போய் விழுந்தது.

பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

மறுபடி உச்சிக்குப் போனது.

பயத்தில் நாக்கு தானாகப் புரண்டது. "நாளைக்கு நான் யார் பேரைச் சொல்றது? அக்கா மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

இரைச்சலில் எனக்கே அது கேட்கவில்லை.

பட்டை ஏறியது. நெடுநேரம் அசைந்தது. யாரோ பொறுமையாக எடுத்துச் சொல்வதுபோல...

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேனோ. எழுந்து ஓடினேன்.

4.20க்குப் பெட்டியைத் திறந்தேன். போன் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா.

"எங்கடா இருக்கே? உங்க மாமா காலைலேருந்து ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கார். சாப்பாடு வேணாங்கறார். கூப்பிட்டாத் திரும்பலை. மூஞ்சியெல்லாம் வேர்த்துக் கெடக்குடா."

போனேன். மாமா கதவைப் பாதிதான் திறந்தார். என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"தனியாத்தான் வந்தியா?"

அவரும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறார். என்னைப் பிடிப்பதற்காகக் காலையிலேயே வீட்டிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, மைக்கில் என்ன வருகிறது என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பாஸ்வேர்டை மாற்றினால் புதிதாக வருபவரைத்தான் தடுக்கலாம். ஏற்கெனவே உள்ளே இருப்பவரை அது ஒன்றும் செய்யாது. அதை நான் யோசிக்கவில்லை.

"அப்ப நீங்கதானே திரும்பப் போட்டீங்க?"

"உங்கக்கா வயித்துப் புள்ள மேல சத்தியமா இல்லடா. நடுவுல சத்தம் நின்னுச்சு. அப்புறம் தானா வந்துச்சு. நான் கேட்டுக்கிட்டு மட்டுந்தான் இருந்தேன்."

"என்ன கேட்டீங்க?"

"ஃபேன் சத்தமே இல்ல மாப்ள. பக்கத்து ரூம்ல பேசற மாதிரி இருந்துச்சு. யார் பேரைச் சொல்றதுன்னு கேட்டே. அக்கா மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு கேட்டே."



"அதுக்கப்புறம்?"

"இன்னொருத்தன் பதில் சொன்னான்."

"யாரு?"

"அதுவும் உன் குரல்தான்."

"என்ன சொன்னான் மாமா?"

"'நீ வீட்டுக்குப் போ. நான் சொல்லிக்கறேன்'னான்."

அன்று நான் தூங்கவில்லை. மாமா பொய் சொல்லலாம். ஆனால் நான் முணுமுணுத்த வார்த்தைகள் அவருக்கு எப்படிக் கிடைத்தன? விடியும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். பழியை நான் ஏற்றுக்கொள்வது. எனக்கு வேறு வேலை கிடைத்துவிடும். அக்கா வீடு பிழைக்கட்டும்.

திங்கள் காலை ஆபீஸ் வாசலில் மாமாவின் கார்டு வேலை செய்யவில்லை. மூன்று தடவை வைத்துப் பார்த்தார். சிவப்பு விளக்கு. அவரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு மேலே ஓடினேன்.

"சார், அந்த மைக்... நான்தான் போட்டேன்."

மேனேஜர் நிமிர்ந்தார். "என்னப்பா, நேத்து போன் பண்ணி மாமாதான்னு சொன்னே. இப்ப மாத்தறே. வீட்ல அக்கா அழுதாங்களா?"

"நான் போன் பண்ணலை சார்... எப்ப?"

"நாலு பத்து இருக்கும். நம்பர் வரலை. உன் குரல் எனக்குத் தெரியாதா?"

நாலு பத்துக்கு என் போன் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது.

"வேற... வேற என்ன சொன்னேன் சார்?"

"அவரை அனுப்பிட்டா ரெண்டு பேர் வேலையை யாருப்பா பாக்கறதுன்னு கேட்டேன்."

அவர் லேசாகச் சிரித்தார்.

"'அதான் நாங்க ரெண்டு பேர் இருக்கோமே சார்'னே."