குங்குமம் வைத்த முகமூடி

அந்த முகமூடியின் மேல் இருக்கும் குங்குமப் பொட்டு இன்னும் முழுசாகப் போகவில்லை. ஓரம் மட்டும் மங்கி, பழைய செங்கல் நிறத்துக்கு வந்திருக்கிறது. என் பீரோவில் நல்ல புடவைகளுக்கு நடுவே, கொடுத்தபோது இருந்த அதே பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கிறது. வீடு மாற்றும்போதெல்லாம் என் கணவர் அதைக் கையில் எடுத்து ஒரு பார்வை பார்ப்பார், பிறகு சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிடுவார். வாயைத் திறந்தால் நான் என்ன ஆவேன் என்று அவருக்குத் தெரியும். கொரோனா வந்து ஊரே முகமூடிக்கு அலைந்த நாட்களில்கூட நான் துப்பட்டாவைத்தான் மூக்கில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். அதை எடுக்க மனம் வரவில்லை.

அது என் அத்தையுடையது. அப்பாவின் தங்கை. கல்யாணமாகிப் போன வேகத்திலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவள். பாகூர் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் வேலை. அரவை இயந்திரத்திலிருந்து தவிடு கொட்டும் வாயில் சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நிறைந்ததும் இழுத்து ஓரம் வைத்துவிட்டு அடுத்த சாக்கைப் பிடிக்க வேண்டும். சாயங்காலம் வரும்போது இமை மயிர்வரை தவிடு அப்பியிருக்கும். என்னை ஆளாக்கியதே அத்தைதான் என்று எழுதினால் சினிமா மாதிரி இருக்கும். படிக்க வைத்தது அப்பா. ஆனால் நான் படித்ததை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது அத்தை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவள் வில்லியனூரில் இறங்குவதற்குள் என் பட்டப்படிப்பு விவரம் அவளுக்கு மனப்பாடமாகியிருக்கும்.

அந்தப் படிப்புக்கு எனக்குக் கிடைத்த முதல் வேலை ஓர் அரசாங்க ஆராய்ச்சித் திட்டத்தில். அரிசி ஆலைத் தூசு தொழிலாளர்களின் நுரையீரலை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் திட்டம். முதல் கட்டத்தில் எல்லோருக்கும் முகமூடி கொடுத்து, அவ்வப்போது மூச்சை அளப்பார்கள். அது போதவில்லை என்று தெரிந்தால் இரண்டாம் கட்டம்: தூசை உறிஞ்சி வெளியே தள்ளும் இயந்திரத்தை ஆலைக்குள்ளேயே பொருத்துவது, நெஞ்சு கெட்டவர்களுக்கு வைத்தியம் பார்ப்பது. நான் ஒப்பந்தக் களப்பணியாளர். எனக்கு ஒதுக்கிய ஆலைகளில் அத்தையின் ஆலையும் ஒன்று. இதைவிட வேறென்ன வேண்டும் அவளுக்கு? அண்ணன் மகள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு தான் வேலை செய்யும் இடத்துக்கே ஆபீசராக வருகிறாள்!

மூச்சை அளக்க ஒரு குழாயில் பலமாக ஊத வேண்டும். அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத எங்கிட்ட ஏன்டி குடுக்கற, கோயில்ல நாயனம் ஊதறவருகிட்ட குடு" என்றாள். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். ஒவ்வொரு முறை ஊதும்போதும் அவளுடைய அளவு இறங்கிக்கொண்டே வந்தது. திட்டத்தின் டாக்டர் என் தோளைத் தட்டி, இரண்டாம் கட்டம் வரட்டும், உன் அத்தையைத்தான் முதலில் கவனிப்போம் என்று சொல்வார். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் நான் வெயிலில் ஆலை ஆலையாக அலைந்தேன்.

முகமூடியை மட்டும் அவள் மாட்டிக்கொள்ளவே இல்லை. கேட்டால், இவ்வளவு வெள்ளையாக இருக்கிறது, தவிட்டில் கெட்டுப்போய்விடாதா என்பாள். நல்லது எதுவாக இருந்தாலும் எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் அவள் பழக்கம். தீபாவளிப் புடவை பொங்கலுக்குத்தான் மடிப்புக் கலையும். அப்படி ஒரு ஜென்மம். நான் கத்தியிருக்கிறேன், கெஞ்சியிருக்கிறேன், டாக்டரை விட்டே சொல்லிப் பார்த்திருக்கிறேன். தலையை ஆட்டிவிட்டு முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு போவாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஆலையைக் கழுவி, தராசு, மண்வெட்டி, கோணி ஊசி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம் தெளித்தார்கள். அத்தை வீட்டிலிருந்து முகமூடியை எடுத்துக்கொண்டு வந்து கோணி ஊசிக்குப் பக்கத்தில் வைத்தாள். "நீ குடுத்த ஆயுதம்தானேடி இது" என்று சொல்லி, நடுவில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். அவ்வளவுதான், கதை முடிந்தது. சாமிக்கு வைத்துப் பொட்டிட்ட பொருளை எச்சில் படுகிற வாயில் மாட்டலாமா? அன்றிலிருந்து அது வீட்டில் சாமி படத்துக்குக் கீழே போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் மதிப்பீட்டுக் குழு வந்தது. திட்டத்துக்குச் செலவழித்ததில் பலன் இருக்கிறதா, இரண்டாம் கட்டம் தேவையா என்று பார்க்க வெளியிலிருந்து வரும் குழு. என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தொழிலாளர்களிடம் முன்கூட்டிப் பேசக் கூடாது என்று எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. நியாயமான உத்தரவு. நான் வீட்டில்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் பேசாமல் விட்ட இடத்தில் ஆலை மேஸ்திரி பேசியிருக்கிறார்.

குழுவின் தலைவர் நரைத்த தலை, மெல்லிய குரல். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். விசாரிக்கும்போது திட்டத்து ஆட்கள் கூட இருக்கக் கூடாது என்று எங்களை வெளியே நிற்கச் சொன்னார். நெல் காயும் களத்தோரம் ஒரு புங்கமரம். அதன் அடியில் நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே அத்தை, கல்யாணத்துக்குக் கட்டுகிற அரக்குப் புடவையில், தலை நிறையப் பூவோடு உட்கார்ந்திருந்தாள். புருஷன் போன பிறகு அவள் பூ வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது.

"இருமல் இருக்காம்மா?" என்று தலைவர் கேட்டார்.

"ஒரு கொறையும் இல்லீங்க சார். முன்ன இருந்துச்சி. இந்தப் புள்ளைங்க வந்தப்பறம் சுத்தமா நின்னுபோச்சி."

"முகமூடி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க சார். இதோ பாருங்க, எப்பிடி வச்சிருக்கேன்னு."

அவள் மடியிலிருந்து அதை எடுத்துக் காட்டினாள். குங்குமத்தைப் பார்த்து அவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். போட்டுக்கொண்டாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. அத்தையைப் பார்த்து அடுத்தடுத்து வந்த பெண்களும் அதையே சொன்னார்கள்: குறையில்லை, நின்றுவிட்டது, நல்லா இருக்கிறோம். ராத்திரி முழுக்க இருமுகிற பெண்கள். அவர்கள் எல்லோர் கன்னமும் ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

இளநீர் குடித்துவிட்டு அவர்கள் காரில் ஏறினார்கள். கார் ஏரிக்கரைத் திருப்பத்தைத் தாண்டியதுதான் தாமதம், அத்தை இருமலை அடக்க வாயில் ஒதுக்கியிருந்த சித்தரத்தைத் துண்டைத் துப்பிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமத் தொடங்கினாள். மூட்டையின் மேல் சாய்ந்து, பூவெல்லாம் உதிர, கண் பிதுங்க இருமினாள். நான் முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். மூச்சு திரும்பியதும் முதல் வார்த்தை, "பாஸாயிட்டியாடி?"

எனக்குப் புரியவில்லை. பிறகு அவளே சொன்னாள். மேஸ்திரி வந்து, உன் அண்ணன் பொண்ணு வேலை எப்படிச் செய்யுதுன்னு மார்க் போட ஆபீசருங்க வராங்க, பார்த்துப் பேசு என்று சொன்னாராம். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருகிற மாதிரி என்று நினைத்துக்கொண்டாள். பெண் பார்க்க வருகிறவர்களிடம் வீட்டு வியாதியைச் சொல்வோமா? "எல்லாரு வூட்டுக்கும் போயி நானேதான் சொல்லிட்டு வந்தேன். சித்தரத்தையும் நான்தான் வாங்கிக் குடுத்தேன். ஒருத்தி இருமல, பாத்தியா? ஒனக்கு வேல பர்மனென்ட்டுடி." அவள் முகத்தில் அவ்வளவு பெருமை.

அன்றைக்கே டாக்டரிடம் ஓடினேன். குழுவுக்கு அவரும் எழுதினார், நானும் எழுதினேன். தொழிலாளர்களே தேறிவிட்டதாகச் சொல்கிறார்கள், முகமூடி எல்லோர் கைக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது, மூச்சின் அளவுகள் இறங்கியிருப்பது அவர்களுக்குச் சரியாக ஊதத் தெரியாததால் இருக்கலாம் என்று பதில் வந்தது. திட்டம் வெற்றிகரமாக நிறைவு பெற்றது. நிறைவு! அறிக்கையின் அட்டையில் அத்தையின் படம், குங்குமம் வைத்த முகமூடியைக் கையில் ஏந்திச் சிரித்தபடி. இயந்திரமும் வரவில்லை, வைத்தியமும் வரவில்லை. எனக்கும் வேலை போயிற்று. அட்டைப் படத்தை அவளிடம் காட்டினேன். பாஸாகிவிட்டேன் என்று சொன்னேன். தெருவுக்கெல்லாம் கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். அவள் முகத்தில் ஏறிய முதல் முகமூடி அதுதான். ரவுண்ட்ஸுக்கு டாக்டர்கள் கூட்டமாக வந்தால், அதை ஒதுக்கிவிட்டு எழுந்து உட்காரப் பார்ப்பாள். எனக்கு ஒன்றுமில்லை என்று கையை ஆட்டுவாள். அவர்கள் போன பிறகு நான் அதைத் திரும்ப மாட்டிவிடுவேன். இன்னொரு முறை அதை ஒதுக்கி, வேலை பர்மனென்ட் ஆயிடுச்சா என்று கேட்டாள். ஆயிடுச்சு அத்தை என்றேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

இப்போது நானே மதிப்பீட்டுக் குழுக்களில் போகிறேன், விதியைப் பாருங்கள். கூட வருபவர்களுக்கு என்னைப் பற்றி ஒரு கேலி உண்டு: இந்த அம்மா போகிற இடத்திலெல்லாம் குடையை மறந்துவிடும். மறப்பதில்லை; வேண்டுமென்றே விட்டுவிட்டு வருவேன். கார் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தச் சொல்லி, தனியாக நடந்து திரும்பிப் போவேன். போன மாதம் சுத்துக்கேணியில், கரும்புக்கு மருந்து அடிக்கிறவர்களுக்கான திட்டம். ஒரு குறையும் இல்லை என்று சிரித்தபடி சொன்ன பெண், நான் குடைக்காகத் திரும்பியபோது பம்பு செட்டில் கண்ணில் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். நான் அவள் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தேன். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டே, "யாருக்கும் கெட்ட பேரு வரக் கூடாது இல்லீங்களா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் கண்ணைப் பற்றி எழுதியே தீர வேண்டும் என்று குழுவில் நின்று சண்டை போட்டேன். எழுதினார்கள்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். இத்தனை வருஷத்தில் முதன்முறையாக அந்த முகமூடியை உறையிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். வெளியேதான் குங்குமம். உட்புறம், நான் அவள் கையில் கொடுத்த அன்றைக்கு இருந்தது போலவே வெள்ளையாக இருக்கிறது. அத்தையின் மூச்சு ஒன்றுகூட அதில் படவில்லை.