அம்மா வராத விருந்து

எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வருஷத்தில் எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்டது மாப்பிள்ளையைப் பற்றி அல்ல. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு எங்கே வைத்துச் சோறு போடுவது என்பதைப் பற்றித்தான். அறுபதுகளின் தொடக்கம் அது. நான் திண்டுக்கல்லில் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். அப்பா புகையிலை மூட்டை அடுக்கி வைக்கும் கிட்டங்கி ஒன்றில் கணக்கர். பிள்ளை நான் ஒருத்திதான்.

அம்மாவுக்குத் தொழுநோய் இருந்தது. அந்தச் சொல்லை நாங்கள் வீட்டுக்குள் சொன்னதே இல்லை. ‘அம்மாவோட கை’ என்று மட்டும் சொல்வோம். இடது முன்கையில் தேமல் போல ஓர் இடம் வெளுத்திருந்தது. ஒருநாள் அப்பளம் பொரிக்கும்போது கொதிக்கிற எண்ணெய் அதில் தெறித்தும் அம்மா கையை இழுக்கவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் உடம்பு பதறியது. அப்படித்தான் தெரிய வந்தது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் மடங்கத் தொடங்கிய பிறகு, திரைபோட்ட ஜட்கா வண்டியில் அம்மாவை ஏற்றி, ஊருக்கு வெளியே மிஷன்காரர்கள் நடத்திய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மாத்திரை கொடுத்தார்கள். நெடுநாள் வைத்தியத்துக்குப் பிறகு டாக்டர், “இனி இவங்ககிட்ட இருந்து யாருக்கும் ஒட்டாது. வீட்ல எப்பவும்போல இருக்கலாம்” என்றார். அப்பா அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

எப்போதும்போலத்தான் இருந்தோம். அம்மா ஆக்கியதைத்தான் சாப்பிட்டோம். ஆனால் அம்மா தன்னுடைய தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். அப்படிச் செய் என்று யாரும் சொல்லவில்லை. செய்யாதே என்று நாங்களும் வற்புறுத்திச் சொல்லவில்லை.

வரன் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தது. பையன் அங்கே ஒரு கப்பல் ஆபீசில் குமாஸ்தா. விடுமுறைக்குத் தாயாரோடு வந்திருந்தான். தகப்பனார் இல்லை. தாயும் பிள்ளையும் திருச்சியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, அங்கிருந்து எங்கள் ஊருக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவதாக ஏற்பாடு.

“அவுக அங்க பெரிய பெரிய ஓட்டல்ல சாப்ட்டவுக. சும்மா ஏதோ ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போக முடியாது” என்று அப்பா சொன்னார்.

பெண் பார்க்க வருகிறவர்களுக்கு ஓட்டலில் சாப்பாடு போடுவது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. வீட்டில் வைக்கலாமா என்ற கேள்வியை நாங்கள் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளவே இல்லை. எந்த ஓட்டல் என்பதிலிருந்தே பேச்சு தொடங்கியது.

“உங்களுக்கு உப்பு ஒறப்பு ஒண்ணும் தெரியாது. பிள்ளையக் கூட்டிட்டுப் போயி தின்னு பாத்துட்டு வாங்க” என்றாள் அம்மா.

அப்படி அப்பாவும் நானும் ஓட்டல் ஓட்டலாகப் போனோம். பெண்கள் ஓட்டலுக்குள் நுழைவதே அபூர்வம் என்பதால், போகிற இடமெல்லாம் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் ரயில்வே ஸ்டேஷன் சிற்றுண்டி அறை. மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, கத்தியும் முள்ளுக்கரண்டியும் வைத்திருந்தார்கள். துணியில் பழைய குழம்புக் கறை. கட்லெட்டில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. அப்பா முள்ளுக்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாமல் கீழே வைத்துவிட்டார். “வேணாம்மா, நம்மளப் பாத்துச் சிரிப்பாக” என்றார்.

அடுத்தது பேகம்பூரில் ஒரு பிரியாணிக் கடை. கீழே நீள பெஞ்சுகள், மாடியில் திரை போட்ட ஓர் அறை. சீரகச் சம்பா அரிசி ஒன்றோடொன்று ஒட்டாமல், கறி பஞ்சாக வெந்து, அப்படி ஒரு பிரியாணியை நான் அதுவரை சாப்பிட்டதில்லை. முதலாளியே வந்து பக்கத்தில் நின்றார். “மொதநா சொல்லிட்டீங்கன்னா மாடிய ஒதுக்கித் தந்துருவேன். பொம்பளையாளுங்க நிம்மதியா உக்காந்து சாப்புடலாம். எம்புட்டு பேரு வருவீங்க?” என்று கேட்டார். அப்பா பதில் சொல்லும்போது நான் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியாக, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த சைவ ஓட்டல். சலவைக்கல் மேஜை, ஆளுயரக் கண்ணாடி, ஊதுபத்தி மணம். ஊரில் நடந்த ஒரு கண்காட்சியில் சுத்தத்துக்காக அதற்கு முதல் பரிசு கிடைத்திருந்தது. அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே வழக்கமான பலகை: ‘பெருவியாதிக்காரர்களுக்கு அனுமதி இல்லை.’

பெருவியாதி என்று எழுதியிருந்தது தொழுநோயைத்தான். அந்தக் காலத்தில் பெரும்பாலான ஓட்டல்களில் அந்தப் பலகை இருந்தது. விலைப்பட்டியல் மாதிரி அதுவும் ஒன்று. நானும் பல வருஷம் படித்துவிட்டுப் பேசாமல் கடந்து போனவள்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள். மொச்சை உரித்துக்கொண்டே கேட்டாள். சாம்பார் தண்ணியாக இருந்ததா, கூட்டில் தேங்காய் போட்டிருந்தார்களா, இலை கழுவித்தான் போட்டார்களா. கேட்டு முடித்துவிட்டுத் தலை நிமிராமல், “போர்டு இருந்துச்சா?” என்றாள்.

அப்பா தரையில் சிந்திய மொச்சையைப் பொறுக்கத் தொடங்கினார். அதற்கு முந்தின வருஷம் மதுரையிலிருந்து திரும்பும் வழியில் ஓர் ஓட்டலில் காபி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். கல்லாவில் இருந்தவர் எழுந்து எங்கள் மேஜைக்கு வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்தானையால் கையை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அதன்பிறகு அவள் எந்த ஓட்டல் படியும் ஏறவில்லை.

“பேகம்பூர்க் கடையில போர்டு இல்ல. மாடியில தனி ரூம் இருக்கு. அங்க போனா அம்மாவும் வரலாம்” என்று நான் சொன்னேன்.

“மொத மொத வாரவுகள பிரியாணிக் கடைக்கா கூட்டிட்டுப் போறது? பரிசு வாங்குன ஓட்டலு ஒண்ணு ஊர்ல இருக்கையில” என்றார் அப்பா.

“அம்மா இல்லாம எப்பிடிப்பா?”

“நான் எங்கயும் வரலை” என்றாள் அம்மா. “எனக்குக் காய்ச்சல்னு சொல்லிருங்க. பரிசு வாங்குன கடைக்கே போங்க. அவுக ஊர்ல போயிச் சொல்றதுக்கு நல்லா இருக்கும்.”

முடிவை அவளே எடுத்துவிட்டாள். அப்பாவுக்கு நிம்மதி. அந்த நிம்மதி முகத்தில் தெரிந்ததும் எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. 

ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலில் பூசை முடிந்து, ஸ்டேஷனில் போய் அவர்களை அழைத்துக்கொண்டு நேராக ஓட்டலுக்குப் போனோம். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஸ்டேஷனிலேயே அப்பா சொல்லிவிட்டார். உள்ளே தட்டி வைத்து மறைத்த குடும்ப அறையை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். பையனின் தாயாரைப் பார்த்தவுடன் எனக்குப் பிடித்துவிட்டது. பருத்த உடம்பு, வெள்ளைச் சேலை, எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்கிற வாய்.

“அங்க ஓட்டலுக்குப் போறதுன்னா கல்யாணத்துக்குப் போற மாதிரி கெளம்புவோம்மா. உக்காந்த ஒடனே சீனாக்காரப் பையன் சுடுதண்ணியில முக்குன துண்டு கொண்டாந்து குடுப்பான், மூஞ்சி தொடைச்சுக்கிறதுக்கு. மீன முழுசா தலையோட கொண்டாந்து வைப்பாங்க. எல்லாம் இருக்கும். ஆனா இந்த மாதிரி ஒரு சாம்பாரு அங்க கெடைக்குமா?” என்று இரண்டாவது முறை சாம்பார் கேட்டு வாங்கினார். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

பையன் அதிகம் பேசவில்லை. நான் எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன் என்று கேட்டான். ஒன்றாம் வகுப்பு என்றேன். “அதுதான் எல்லாத்தவிடவும் கஷ்டம்” என்றான். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அவனைப் பிடித்துப்போனது என்று சொன்னால் இப்போது சிரிப்பார்கள். அப்படித்தான் இருந்தது.

மோர் ஊற்றும்போது அந்த அம்மாள் சர்வரைக் கூப்பிட்டு, “கேசரி கொஞ்சம் பொட்டலமா கட்டிக் குடுப்பா” என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, “போற வழியில வீட்டுக்கு வந்து சம்பந்தியம்மாவப் பாத்துட்டுப் போயிர்றோம். மேலுக்கு முடியாதவங்கள எட்டிப் பாக்காமப் போனா நல்லாவா இருக்கும்?” என்றார்.

அப்பாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. “இல்ல... இன்னைக்கு வேணாமே” என்றார்.

“ஏன், என்ன காய்ச்சலு? அம்மை எதுவும் போட்டிருக்கா?”

“ஆமா... அம்மை மாதிரிதான்... இல்ல, அம்மை இல்ல...” அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. பொய் சொல்லிப் பழகாத மனுஷர். அவர் திணறுவதை என்னால் பார்க்க முடியவில்லை. அந்த அம்மாளுடைய அக்கறைக்கு எதிரே உட்கார்ந்து இன்னொரு பொய்யைக் கேட்கவும் முடியவில்லை.

“அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லைங்க. கையில தொழுநோய். வைத்தியம் பாத்தாச்சு. இனி ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு” என்றேன்.

வீட்டில்கூடச் சொல்லாத சொல்லை அங்கேதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். தட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ காபி ஆற்றிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

பையன்தான் முதலில் பேசினான். “மாத்திரை இன்னும் சாப்பிடுறாங்களா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் தன் தாயாரைப் பார்த்தான். அவர் இலையை மெல்ல மூடினார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. பயந்துபோயிருந்தார். அவருடைய கண் என் கைகளுக்கு வந்ததை நான் பார்த்தேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“நல்லவேள சொன்ன தாயி” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார். அடுத்த வண்டிக்கே ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். விடைபெறும்போது என் தலையைத் தொட வந்த அந்த அம்மாளின் கை பாதியில் நின்று, கும்பிடாக மாறியது. கேசரிப் பொட்டலத்தை யாரும் எடுக்கவில்லை. நான் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அப்பா வீடு வரும் வரை எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். வந்ததும் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டார். அம்மா அழுவாள் என்று நினைத்தேன். என்னைக் கட்டிக்கொள்வாள் என்றுகூட ஒரு எண்ணம் இருந்திருக்கலாம். அவளுக்கு வந்தது கோபம்.

“காய்ச்சல்னு தான சொல்லச் சொன்னேன். எங் கையக் கடையில வச்சு நாலு பேருக்குக் காட்டிட்டு வந்திருக்க.”

“எம்புட்டு நாளைக்கும்மா மறைக்கிறது?”

“அது எங் கை. மறைக்கிறதுன்னாலும் காட்டுறதுன்னாலும் நான்ல செய்யணும்.”

 அவளுக்காகப் பேசிவிட்டு வந்ததாக அதுவரை நினைத்திருந்தேன். மறுநாள் காலையில் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “நெய் தாராளமா விட்டிருக்கான்” என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளா தெரியாது.

‘வேறு இடத்தில் முடிந்துவிட்டது’ என்று திருச்சியிலிருந்து ஆள் மூலம் சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு நாங்கள் பயந்த பயம் வேறு. அந்த அம்மாள் உறவுக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என்னைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்க மாட்டார்கள், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார். தலைமையாசிரியை கூப்பிடும்போதெல்லாம் அதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டே போனேன். ஆனால் அந்தச் சொல் எங்கேயும் போகவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த அம்மாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனத்தாங்கலும் நன்றியும் ஒன்றாகத்தான் வருகின்றன.

அப்பா வெகுநாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வரன் தேடுவதையும் நிறுத்திவிட்டார்.

சில வருஷம் கழித்துக் கன்னிவாடிப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனும் வாத்தியார்தான். கொஞ்சம் நிலபுலம் உண்டு. இந்த முறை ஓட்டல் பேச்சை யாரும் எடுக்கவில்லை. “வீட்டுக்கே வரச் சொல்லுங்க” என்றாள் அம்மா.

பையனும் அவருடைய பெரியப்பாவும் வந்தார்கள். அம்மாவே காபி கொண்டுவந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை விலக்கி இடது கையை நீட்டினாள். “எனக்கு இந்த நோவு இருந்துச்சு. இப்ப கொணமாயிருச்சு. பாத்துக்கங்க. பாத்துட்டுப் பெறகு பேசுவோம்” என்றாள். குரல் பிசிறவில்லை. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பெரியப்பா கையைப் பார்த்தார்.  “பிள்ளைக்கு ஒண்ணும் இல்லயில்ல?” என்றார். இல்லை என்றாள் அம்மா. பிறகு தேதி, கோயில், நகை என்று எல்லாம் பேசி முடித்தார்கள். பேசி முடியும் வரை அவர் முன்னால் இருந்த காபி ஆறி ஆடை படர்ந்துவிட்டது. அவர் அதைத் தொடவில்லை. பையன் தன்னுடையதைக் குடித்திருந்தார்.

கல்யாணம் நடந்தது. புகுந்த வீட்டார் என்னை நன்றாகவே வைத்திருந்தார்கள். ஆனால் அவர்கள் திண்டுக்கல்லுக்கு வரும்போதெல்லாம், வாசலிலேயே, “இப்பத்தான் ஓட்டல்ல சாப்ட்டு வாரோம்” என்று சொல்லிக்கொண்டேதான் வருவார்கள். கண்டும் காணாததுபோல நானும் இருந்துவிட்டேன். அம்மா ஒருமுறைகூட முகம் சுளித்ததில்லை. பாயை விரித்து உட்கார வைத்து, எந்த ஓட்டல், என்ன கூட்டு, ரசம் எப்படி இருந்தது என்று பொறுமையாகக் கேட்பாள். அவர்களும் சொல்வார்கள். அந்த நேரம் அடுப்படியில் என் வீட்டுக்காரர் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்த வயிற்றோடு, அம்மா வைத்த குழம்பை ஊற்றி இன்னொரு தடவை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.