மூன்று சாம்பிளும் ஒரு மீசையும்

முதலில் மன்னித்துவிடுங்கள். பத்தாம் வகுப்பைத் தட்டுத் தடுமாறித் தாண்டியவன் நான். பஸ்ஸில் கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்டால்கூட இரண்டாம் தடவைதான் அவர் காதில் விழுகிற மாதிரி சொல்வேன். இப்படிப்பட்ட ஆள் நாலு பேர் படிப்பதற்காக எழுதலாமா என்றால், கூடாதுதான். ஆனால் எழுதும்போது எதிரில் உட்கார்ந்து யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். இன்னொன்றும் உண்டு. நான் செய்த ஒரு காரியத்தை இத்தனை வருஷத்தில் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பாதி தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். மீதியை இங்கே எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில் உத்தமபாளையத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பேன், சிடியில் பாட்டுப் பதிந்து கொடுப்பேன். முன்னால் ஒரு பெஞ்சு, பின்னால் பச்சைத் துணி தொங்கும் சின்ன அறை. அந்த அறைக்குள்தான் நானும் என் கம்ப்யூட்டரும் இருப்போம். வேலை கொடுத்தவர்கள் காத்திருக்கட்டும் என்றுதான் பெஞ்சைப் போட்டேன். எந்த வேலையும் கொடுக்காதவர்கள் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். எழுந்து போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு மாதத்தில் அது சட்டசபையாகிவிட்டது.

தினமும் ஒரு விவாதம் நடக்கும். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் நல்லதா, கம்பெனிக் கம்ப்யூட்டர் நல்லதா? கம்ப்யூட்டரைத் திறந்ததும் ரெஃப்ரஷ் மூன்று தடவை அடிக்க வேண்டுமா, ஐந்து தடவையா? ஐந்து என்று சொன்னவர் வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது. ஆனால் அவர்தான் கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் பேசுவார். துணிக்குப் பின்னால் அந்தத் தொழிலையே செய்துகொண்டு ஒருவன் இருக்கிறானே, அவனை ஒரு வார்த்தை கேட்போம் என்று எவருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் அதில் வருத்தம் இருந்ததில்லை. சிரிப்புத்தான் வரும். துணி இருந்ததால் சிரிப்பது வெளியே தெரியாது.

சபையில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். ஒருவர் பண்ணைப்புரத்துக்காரர். ஏலக்காய் வியாபாரி. மலையில் சரக்கு எடுத்துப் போடியில் கொடுக்கிறவர். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய மீசை வரும். பைக்கில் வந்தால் எதிர்க்காற்றில் இரண்டு பக்கமும் காது வரைக்கும் பறக்கும். இன்னொருவர் உள்ளூரில் அரிசி மண்டி வைத்திருந்த பாய். வெள்ளைத் தாடி, மீசை கிடையாது. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பாய் அவரை மாப்ள என்பார், அவர் இவரைப் பாய் என்பார்.

பாயின் தம்பி துபாயிலிருந்து வரும்போது விரல் நீளத்தில் ஒரு எம்.பி.த்ரீ பிளேயர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அன்றிலிருந்து சண்டை.

"இருநூறு பாட்டு இதுக்குள்ள இருக்கு மாப்ள. சட்டைப் பையில போட்டா இருக்கிறதே தெரியல."

"இருநூறு பாட்டை இம்புட்டுக்குள்ள அமுக்கினா அது பாட்டா பாய்? புண்ணாக்கு. பிழிஞ்சு எடுத்த சக்கை."

"ஒரு சொட்டுக் குறையாது. சிடியில என்ன கேக்குதோ அதேதான் இதுலயும்."

"உம்ம காதுக்கு அரிசி மூட்டை விழுகுற சத்தம்தான் தெரியும். நாங்க பண்ணைப்புரம். எங்க ஊர்ல சேவல்கூடச் சுதி சேர்த்துட்டுத்தான் கூவும்."

ஒருநாள் அவர் ஏலக்காய் நிறுக்கிற சின்னத் தராசைக் கையோடு கொண்டுவந்தார். பிளேயரில் இருந்த பாட்டை எல்லாம் என்னிடம் சொல்லி அழிக்க வைத்து, காலியாக நிறுத்தார். மறுபடி இருநூறு பாட்டையும் ஏற்றச் சொல்லி நிறுத்தார். முள் ஒரு மயிரிழை அசையவில்லை. பாய்க்கு முகமெல்லாம் பல். "பாத்தியா, பாரமே இல்ல!" என்றார். வியாபாரி தராசைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "அதான் நானும் சொல்றேன். பச்சைக் காய்க்கு எடை உண்டு. அளவுக்கு மேல உலர்ந்துபோன காய்க்கு எடையும் இல்ல, வாசமும் இல்ல. எடையே இல்லாத பாட்டுல சத்து எங்கன இருக்கும்?"

பாய் தாடியைத் தடவினார். இதற்குப் பதில் எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை.

பந்தயம் எப்படி ஆரம்பித்தது என்று சரியாக நினைவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து பாய் வந்து உட்கார்ந்திருந்தார். பேச்சு முற்றி, "கண்ணைக் கட்டிக்கிட்டுக்கூடச் சொல்லுவேன், எது சிடி, எது உம்ம புண்ணாக்குன்னு" என்று வியாபாரி எழுந்து நின்றுவிட்டார்.

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி இந்த மீசையை எடுத்துர்றேன்."

வெளியூரில் இதை விளையாட்டுப் பேச்சாக எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்தில் முடியாது. அவருடைய வழக்கத்தில் பெற்றவர் தவறிப்போனால்தான் பிள்ளை மீசையை எடுப்பார். அவருடைய அப்பா எண்பது வயதில் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். மீசை இல்லாமல் இவர் தெருவில் இறங்கினால், அப்பா உயிரோடு இருக்கும்போதே பிள்ளை காரியம் செய்துவிட்டதாக ஆகும்.

"சும்மா பேசாத மாப்ள, உக்காரு" என்றார் பாய்.

"உமக்கு மீசை இல்ல, அதான் அதோட அருமை தெரியல. நீரு எதை வைக்கிறீரு?"

"நான் தோத்தா இனிமே இந்தப் பிளேயரைத் தொடல. மௌத்தாகி மண்ணுக்குப் போற வரைக்கும் சிடிதான்."

சோதனை எப்படி என்பதையும் வியாபாரியே சொன்னார். போடி ஏலத்தில் சாம்பிள் வரும்போது தோட்டக்காரர் பெயர் இருக்காதாம். லாட் நம்பர் மட்டும்தான். காயைப் பார்த்து, மோந்து, கடித்துப் பார்த்து விலை சொல்ல வேண்டும். அதே முறை. ஒரே பாட்டு, ஒரே ஸ்பீக்கர். ஒரு தடவை சிடி பிளேயரில் சிடி, ஒரு தடவை கம்ப்யூட்டரில் ஏற்றின எம்.பி.த்ரீ, ஒரு தடவை துபாய்ப் பிளேயர். எதற்கு எந்த நம்பர் என்பது போடுகிறவனுக்கு மட்டும்தான் தெரியும்.

"போடுறது யாரு? நம்பிக்கையான ஆளா வேணும்" என்றார் பாய்.

இருவரும் பச்சைத் துணியைப் பார்த்தார்கள்.

"இந்தா இருக்கே பிள்ளைப்பூச்சி. இதுக்குச் சூதுவாது தெரியுமா?" என்றார் வியாபாரி.

நான் தலையாட்டினேன். எந்தக் கேள்விக்கும் என் தலை தானாகவே ஆடிவிடும்.

ஸ்பீக்கர்கள் வெளியே. நான் உள்ளே. புல்லாங்குழலில் ஆரம்பிக்கிற ஒரு பழைய பாட்டு. முதலில் சிடியைப் போட்டேன். குழல், பிறகு தபேலா, பிறகு பெண்குரல். ஒரு நிமிஷத்தில் நிறுத்தி, "லாட் ஒண்ணு" என்றேன். என் குரல் வெளியே கேட்டதும் எனக்கே ஒருமாதிரி இருந்தது. அடுத்து கம்ப்யூட்டருக்கு வயரை மாற்ற வேண்டும். கையில் வயரை எடுத்தேன். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது.

எத்தனை நாள் இந்தத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து இவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இன்று ஒருநாள் மட்டும் எல்லாம் என் கையில். வயரைக் கீழே வைத்தேன். கொஞ்ச நேரம் வெறுமனே பட்டன்களைத் தட்டி ஓசை எழுப்பினேன். பிறகு அதே சிடியில் அதே பாட்டை மறுபடி ஓடவிட்டேன். "லாட் ரெண்டு." மூன்றாவதும் அதேதான்.

உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தேன். ஒன்று உசத்தி, ஒன்று சக்கை, ஒன்று நடுத்தரம் என்று அவர் பிரித்துச் சொல்வார், பாய் மறுத்துச் சண்டை போடுவார், இரண்டு நாளைக்கு எனக்கு நல்ல பொழுதுபோக்கு என்பது என் கணக்கு.

பிறகு வியாபாரியின் குரல், மெதுவாக:

"பாய், இந்தப் பய பெட்டியை மாத்தவே இல்ல. மூணு தடவையும் சிடியைத்தான் போட்டிருக்கான்."

அந்த மீசைக்கு மேலே இருந்த காதுகள் நிஜமான காதுகள்.

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "வித்தியாசம் தெரியலன்னு ஒத்துக்கோ மாப்ள! அதை விட்டுட்டுப் பாவம் அந்தத் தம்பி மேல பழியைப் போடுறியே!"

"சத்தியமாச் சொல்றேன், மாத்தல. ரெண்டாவது தடவை போடுறப்ப வயரு பிடுங்குற சத்தம்கூட வரல."

"தம்பி, இங்கன வா. நீ மாத்தி மாத்தித்தானே போட்ட?"

துணியை விலக்கிக்கொண்டு வந்தேன். பெஞ்சு முழுக்க என்னையே பார்த்தது. என் தலை தானாக ஆடியது. ஆமாம் என்கிற பக்கம்.

"கேட்டியா? இது பொய் சொல்ற பிள்ளையா?"

வியாபாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம்கூட இல்லை, குழப்பம்தான். தன் காதையே அவர் முதல் தடவையாகச் சந்தேகப்பட்டார் என்று நினைக்கிறேன். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரும்போல இருந்தது. வார்த்தை மட்டும் வரவில்லை.

"சரி. சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பக்கத்துக் கடை சலூன்.

பாய் பதறிப்போனார். "மாப்ள, வேணாம்டா. உங்க அப்பா இருக்காக. நான் தோத்ததாவே வச்சுக்கோ!"

"பிச்சை போடுறீரா?"

பெஞ்சு முழுக்க எழுந்து பின்னால் போனது. நானும் போனேன். சலூன்காரர் துண்டைப் போர்த்திவிட்டு, கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"அண்ணே, நெசமாத்தானா?"

"வெட்றா."

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு..."

"ஏலே, வெட்டுன்னா வெட்டு."

நான் வாசலில் நின்று வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி திறந்தேன். கத்தரி 'கரிச்' என்றது. இடப்பக்கம் முழுக்க அப்படியே துண்டின் மேல் விழுந்தது. அதே நொடியில் என் குரலும் வந்துவிட்டது. இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்த சத்தம் எல்லாம் சேர்ந்து வந்தது.

"மூணும் சிடிதான்!"

தெருவில் போன சைக்கிள்காரர்கூட நின்று பார்த்தார். கத்தரி அந்தரத்தில் நின்றது. வியாபாரி துண்டோடு எழுந்து, தொடையில் ஓங்கித் தட்டினார்.

"நான் சொல்லல? பாய், கேட்டீரா! காது எப்படி? பண்ணைப்புரத்துக் காது எப்படி?"

பாதி மீசையோடு சிரித்தார். பாய் அவரைப் பார்த்தார், கையால் கண்ணாடியைக் காட்டினார். வியாபாரி திரும்பிக் கண்ணாடியில் பார்த்தார். வலப்பக்கம் காது வரைக்கும் மீசை. இடப்பக்கம் ஒன்றும் இல்லை. மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏலே, இதை ஒரு நிமிசம் முன்னால சொல்லக் கூடாதா?"

"வாய் வரலண்ணே."

"அப்பப் போட்டியே மூணு தடவை சிடியை, அதுக்குக் கை மட்டும் வந்துச்சோ?"

இதற்கு நான் என்ன சொல்வது? தலையாட்டினேன்.

"எதுக்குடா அப்படிப் போட்ட?" என்று பாய் கேட்டார். அவரும் கோபமாகத்தான் இருந்தார். அந்த இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று பேசியது என் கடையில் அதுதான் முதல் தடவை. "சும்மா" என்றேன். அது நிஜம்தான். அதற்குமேல் ஒரு காரணமும் கிடையாது.

சலூன்காரர் இருமினார். "இந்தப் பக்கத்தை என்னண்ணே செய்ய?"

என்ன செய்ய முடியும்? வியாபாரி கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு 'கரிச்'. பிறகு சவரக்கத்தி. அவருடைய மேலுதட்டை நாங்கள் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. வெள்ளையாக, பள்ளிக்கூடத்துப் பையனுடையதுபோல் இருந்தது. பாய் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் முகத்தைச் சுற்றிப் போர்த்திவிட்டார். பந்தயத்தில் தோற்றது தான்தான் என்று ஒப்புக்கொண்டு, அன்றிலிருந்து பிளேயரைத் தொடவில்லை என்று பாய் பின்னால் சொன்னார். கடையில் வைத்துத் தொடவில்லை என்பது வரைக்கும் எனக்குத் தெரியும்.

மூன்றையும் சரியாக மாற்றிப் போட்டுச் சோதித்துவிடலாமா என்று பெஞ்சில் ஒருவர் கேட்டார். வியாபாரி துண்டுக்குள்ளிருந்து அவரைப் பார்த்த பார்வையில் அவர் வீட்டுக்குப் போய்விட்டார். அன்று கடையைச் சாத்தும் முன் நான் மட்டும் உள்ளே உட்கார்ந்து மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் மார்க்கையன்கோட்டையிலிருந்து வியாபாரியின் சொந்தக்காரர்கள் இரண்டு பேர், அவர் மீசை எடுத்த சேதியை மட்டும் கேள்விப்பட்டு, மாலை வாங்கிக்கொண்டு பண்ணைப்புரம் போனார்கள். கதவைத் திறந்தவர் அவருடைய அப்பா. காப்பி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். நான் ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தேன். பெஞ்சில் யாரும் இல்லை.