கருப்புத் திரைக்குக் கிடைத்த கைத்தட்டல்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலேயே ஸ்லைடு போட்டுப் பேசுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

பொய். என் ஆயுசுக்கும் ஒரே ஒரு தடவைதான் ஸ்லைடு போட்டேன். அதையும் இரண்டு வருடத்துக்கு முன்னால், தீபாவளி நெருங்கும் நேரத்தில், பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆபீசின் ஏர்கான் அறையில் வைத்துக் கொலை செய்தேன். சாட்சிக்குக் கைத்தட்டல் வேறு.

நான் மாலை கட்டுகிறவன். படிவம் மூன்றோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது. வெளியில் கேட்டால் நான்தான் பள்ளிக்கூடத்தைக் கைகழுவியதாகச் சொல்வேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சந்து முனையில் தகரக் கூரை போட்ட வரிசை ஒன்று இருந்தது. பூக்கடை, தேங்காய்க் கடை, வளையல் கடை, வெற்றிலைக் கடை. முனையில் முதல் கடை என்னுடையது. அந்த நிலத்தையும் பக்கத்தில் இருந்த பழைய கட்டடத்தையும் ஒரு கம்பெனி வாங்கியது. தகரத்தைப் பிரித்துவிட்டு அங்கே கார் நிறுத்துமிடம் வரும், உங்களுக்குக் கட்டடத்துக்குள் இடம் தருகிறோம் என்றார்கள். எந்த மாடியில் என்பதுதான் கேள்வி. தெருவைப் பார்த்த கீழ்த்தளமா, மூன்றாம் மாடியா? சாமிக்கு ஒரு முழம் பூ வாங்க எவனாவது மூன்று மாடி ஏறுவானா? ஏறினால் அவன்தான் சாமி.

'ஒருநாள் காலையில் வந்து உங்கள் பக்கத்தை விளக்குங்கள், பதினைந்து நிமிடம் தருகிறோம், ஸ்லைடு கொண்டு வாருங்கள்' என்று கம்பெனியில் சொன்னார்கள். கடைக்காரர் சங்கம் கூடி, பேச ஆள் தேடியது. அறிவுள்ளவனைத் தேடியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். வாயுள்ளவனைத் தேடினார்கள்.

நானே உட்கார்ந்து முதல் ஸ்லைடைச் செய்தேன். மாலை கட்டுகிற புத்தி எங்கே போகும்? சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினேன். எழுத்து சுழன்று வந்தது, பூ பறந்து வந்தது, நடுவில் மணி அடித்தது. என் மகள் ஓர் ஆபீசில் ஸ்லைடு போட்டே சம்பளம் வாங்குகிறவள். பெருமையோடு அவளிடம் காட்டினேன்.

"அப்பா, இது ஸ்லைடா, தைப்பூசக் காவடியா?"

"ஏம்மா, நல்லா இல்லியா?"

"எனக்குத் தலை சுத்துதுப்பா. ஒரு ஸ்லைடுல ஒரு விஷயம்தான். கடைசி சீட்ல இருக்கிறவரு கண்ணாடி இல்லாம படிக்கணும். எதுவும் பறக்கக்கூடாது. முக்கியமா, ஸ்க்ரீன பார்த்து படிக்காதீங்க. அவங்களுக்கும் படிக்கத் தெரியும்."

"எனக்குத்தான் சரியா வராது, அது உனக்கே தெரியும்லா."

சிரித்துக்கொண்டே என் காவடியை இறக்கி வைத்தாள். கடைசியில் நாலே நாலு ஸ்லைடு மிஞ்சியது. முதலாவது, காலை நேரத்தில் எங்கள் வரிசையில் நிற்கும் கூட்டம். இரண்டாவது, அந்த மூன்றாம் மாடிப் படிக்கட்டு. மூன்றாவது, என் கடை முனையில் திரும்பும் ஓர் அண்ணன். நாலாவதில் ஒரே வரி: எங்களுக்குக் கீழ்த்தளம் வேண்டும்.

அந்த அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குக் கண் தெரியாது. எங்கள் சந்துக்குள் ஒரு மசாஜ் கடையில் வேலை. தினமும் காலையில் எல்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வெள்ளைத் தடியைத் தட்டிக்கொண்டு நேராக நடந்து வருவார். மல்லிகை வாசம் வந்ததும் இடது பக்கம் திரும்புவார். அவர் மட்டுமல்ல, அவரோடு வேலை செய்கிற எல்லோருக்கும் என் கடைதான் வழிகாட்டிப் பலகை. "தம்பி, பூ வாசத்துக்கு முன்னாடி உன் வாய்ச் சத்தம் வந்துருதுடா" என்று கிண்டல் வேறு. கீழ்த்தளத்தில் பூக்கடை ஏன் வேண்டும் என்று சொல்ல அவரை விடச் சரியான ஆள் யார்? கூப்பிட்டேன். கடையில் லீவு சொல்லிவிட்டு வருகிறேன் என்றார்.

இதற்கும் மகள் ஒரு வித்தை சொல்லித் தந்தாள். ஸ்லைடு ஓடும்போது கீபோர்டில் B எழுத்தை அழுத்தினால் திரை முழுக்கக் கருப்பாகிவிடும். மறுபடி அழுத்தினால் படம் திரும்பி வரும். "மூணாவது ஸ்லைடு வந்ததும் B அழுத்துங்கப்பா. பார்க்க வேற ஒண்ணும் இருக்காது, எல்லாரும் அந்த அங்கிளதான் பார்ப்பாங்க." இன்னொன்றும் சொன்னாள். நடுவில் எங்கேயாவது சிக்கிக்கொண்டால் 3 அழுத்தி என்டர் தட்டினால் போதும், நேராக மூன்றாவது ஸ்லைடுக்குப் போய்விடலாம். நான் அதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்தேன். 'மூணு, என்டர். மூணு, என்டர்.' மாலை கட்டும்போதும் அதே ஜெபம். மனைவி பயந்துபோய் எனக்கு விபூதி பூசிவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் செய்த காரியம், வேறு எந்த இனத்தானும் செய்யமாட்டான். மரியாதைக்காக அந்த ஃபைலைச் சங்கத் தலைவருக்கு அனுப்பி வைத்தேன்.

தலைவர் தேங்காய்க் கடைக்காரர். நல்ல மனிதர், மைக்கைப் பார்க்காத வரைக்கும். மறுநாள் காலை பெட்டாலிங் ஜெயாவில் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது பாக்கெட்டிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினார். "தம்பி, உன் ஸ்லைடு மொட்டையா இருந்துச்சு. கொஞ்சம் அலங்காரம் பண்ணிருக்கேன். இதையே போடு."

திறந்து பார்த்திருக்க வேண்டும். கடைசியாக யார் கை பட்டதோ, அந்த ஃபைலை முழுக்க ஓட்டிப் பார்க்காமல் மேடை ஏறாதீர்கள். நான் ஏறினேன்.

கம்பெனி பக்கம் மூன்று பேர். மேனேஜராக ஒரு சீனப் பெண்மணி, ஒரு மலாய்க்காரர், ஒரு தமிழ்ப் பையன். உட்காரக்கூட விடாமல் தலைவர் பொன்னாடையை எடுத்துவிட்டார். ஆளுக்கு ஒரு பொன்னாடை, ஆளுக்கு ஒரு மாலை. மாலை நான் கட்டியது, சம்பங்கி தூக்கலாக. மேடம் தும்ம ஆரம்பித்தார். தும்மல் நிற்கும் வரை எல்லோரும் மரியாதையாக நின்றோம்.

பிறகு விளக்கை அணைத்தார்கள். முதல் ஸ்லைடு பிள்ளையார். இரண்டாவது, 'வருக வருக'. மூன்றாவது, கைகூப்பிய தலைவர். அவருக்குப் பின்னால் துணைத்தலைவர், செயலாளர், துணைச் செயலாளர் என்று வரிசை கட்டி நின்றார்கள். ஒவ்வொரு முகமும் ஓர் ஓரத்தில் முளைத்து, மெதுவாக மிதந்து, நடுவில் வந்து குந்தியது. தலைவர் ஒவ்வொருவருடைய பட்டம், பதவி, சேவை எல்லாவற்றையும் தமிழில் ஒரு முறை, மலாயில் ஒரு முறை சொன்னார்.

நான் அவர் காதில் கிசுகிசுத்தேன். "அண்ணே, போதும்ணே. டைம் ஓடுது."

"இருடா. பொருளாளர் படத்த விட்டா நாளைக்கு அவரு என் மூஞ்சிய பார்ப்பாரா?"

பொருளாளர் எங்களுக்குப் பின்னால்தான் உட்கார்ந்து தன் முகம் வரும் என்று காத்திருந்தார்.

என் முறை வந்தபோது மேடம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். பதற்றமில்லை, என்னிடம் மந்திரம் இருக்கிறதே! கம்பீரமாக 3 அழுத்தி என்டர் தட்டினேன்.

கைகூப்பிய தலைவர் மறுபடி மிதந்து வந்தார்.

"அங்கிள், திஸ் ஒன் வீ சீ ஆல்ரெடி லா" என்றார் மேடம்.

முன்னால் இத்தனை முகங்களைச் செருகினால் என் மூன்றாவது ஸ்லைடு எப்படி மூன்றாவதாக இருக்கும்? அம்புக்குறியை அழுத்து அழுத்தென்று அழுத்தினேன். தலைவர் போனால் துணைத்தலைவர், அவர் போனால் செயலாளர். ஒரு தட்டுக்குக் காது வருகிறது, அடுத்த தட்டுக்கு மீசை வருகிறது. மலாய்க்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வேர்த்துப்போய், சரி, படம் போனால் போகட்டும், அந்த அண்ணனாவது பேசட்டும் என்று B-ஐக் குத்தினேன்.

திரை கருப்பானது.

"ஓ, ஃபினிஷ் ஆ? குட், குட். வெரி நைஸ்" என்று மேடம் கை தட்டினார். மற்ற இருவரும் தட்டினார்கள். இதில் கொடுமை என்னவென்றால், எல்லாரையும் விட பலமாகத் தட்டியது எங்கள் ஆட்கள்தான். விளக்கு எரிந்தது, நாற்காலிகள் நகர்ந்தன. "வெய்ட் மேடம், ஒன் மோர்" என்று நான் கத்தியது என் தொண்டைக்கு மட்டும் கேட்டது. கதவு மூடிக்கொண்டது.

அந்த அண்ணன் ஓரத்து நாற்காலியில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். திரை கருப்பானதும் தோளைத் தொடுகிறேன், எழுந்து பேசுங்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். கைத்தட்டல் கேட்டதும் அவராகவே எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தம்பி, இப்ப நான் பேசலாமா?"

வாயுள்ளவன் என்று அனுப்பப்பட்ட நான் குனிந்து பென்டிரைவைப் பிடுங்கினேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். ஏர்கான் சத்தம் மட்டும்தான்.

"ஓ. போயிட்டாங்களா? பரவால்லடா. வாயே திறக்காம இவ்ளோ கைத்தட்டு வாங்கிட்டேன். பேசியிருந்தா பில்டிங்கயே எழுதிக் குடுத்திருப்பாங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மடித்து வைத்திருந்த தடியை விரித்துத் தரையைத் தட்டிக் கதவைத் தேடினார்.

திரும்பும் வழியில் தலைவர் எல்லோருக்கும் வாழையிலைச் சாப்பாடு வாங்கித் தந்தார். "பார்த்தீங்களா? கை தட்டுனாங்க! இதுவரைக்கும் யாருக்காவது தட்டியிருப்பாங்களா?" அன்றே வாட்ஸ்அப் குழுவில் பொன்னாடைப் படங்கள் வந்துவிட்டன. கட்டைவிரல்கள் குவிந்தன.

தீபாவளி முடிந்ததும் முடிவு வந்தது. எல்லோருக்கும் மூன்றாம் மாடி. சொல்ல வந்தது அந்தத் தமிழ்ப் பையன்தான். நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் தம்பி, கீழ இடமே இல்லியா?"

பையன் தரையைப் பார்த்தான். "இருந்துச்சுண்ணே. ஆனா கீழ வேணும்னு நீங்க யாருமே கேக்கலியே. மேடம் நீங்க நன்றி சொல்ல வந்தீங்கன்னு நினைச்சிட்டாங்க. இப்ப கீழ வேற ஆளுக்குக் குடுத்தாச்சு."

எங்கள் நாலாவது ஸ்லைடு, அந்த ஒரே வரி, பொருளாளருக்கும் பின்னால் எங்கேயோ கிடந்திருக்கிறது. அது போகட்டும், வாயால் கேட்டிருக்கலாமே. அத்தனை பேர் இருந்தோம். ஒருவருக்கும் தோன்றவில்லை.

இதை நான் மூன்றாம் மாடியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். தொடுத்த சரம் வாடுகிறது, வாங்க ஆள் வரவில்லை, எழுத நேரம் தாராளம். கீழே தூணில் தினமும் ஒரு முழம் மல்லிகை கட்டிப் பார்த்தேன், அந்த அண்ணனுக்காக. காவலாளி குப்பை என்று பிய்த்துப் போட்டான். மறுபடி கட்டினேன், மறுபடி பிய்த்தான். அதனால் இப்போது அவர் வரும் நேரத்துக்குச் சன்னலில் நின்று கத்துகிறேன்: "அண்ணே, லெஃப்ட்!" அவர் கையை ஆட்டிவிட்டுத் திரும்புவார்.

நேற்று மழை. நான் வந்து சேரத் தாமதம். சன்னலைத் திறந்தபோது அவர் திருப்பத்தைத் தாண்டி ரோட்டுக்குள் இறங்கிவிட்டிருந்தார். கத்தினேன். லோரி சத்தத்தில் கேட்கவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் சக்கரத்தில் சிக்கி அவர் தடி ஒடிந்தது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றுமில்லை. நான் மூன்று மாடியும் ஓடி இறங்கி, மூச்சு வாங்க அவர் கையைப் பிடித்தேன். அவர் என் பக்கம் திரும்பி, அன்று அந்த ஏர்கான் அறையில் கேட்டதையே மறுபடி கேட்டார் தெரியுமா...

"என்னங்க! லிஃப்ட் மறுபடி நின்னுருச்சு. கீழ கல்யாண மாலைக்கு ஆள் வந்து நிக்குது. மேல ஏற மாட்டாங்களாம். தூக்கிட்டு ஓடுங்க!"

மனைவி கூப்பிடுகிறாள், போக வேண்டும். ஸ்லைடு போடப் போகிறவர்களே, வேண்டியதை முதல் ஸ்லைடிலேயே கேட்டுவிடுங்கள். நான் மட்டும் கருப்பாக எந்தத் திரையைப் பார்த்தாலும், அதற்கு முன்னால் ஒரு வெள்ளைச் சட்டை இன்னும் எழுந்து நின்றுகொண்டுதான் இருக்கிறது.